காப்பீடில்லாத வண்டி மோதினால்

நெய்து முடித்த சேலைகளைச் சங்கத்தில் ஒப்படைத்துவிட்டு, அடுத்த பாவுக்கு வேண்டிய நூலை வாங்கிக்கொண்டு, மாலைப் பொழுதில் மொபெட்டில் வீடு திரும்பும் நெசவாளர் ஒருவரை மனக்கண் முன் நிறுத்திக்கொள்வோம். பின்னிருக்கையில் அவர் மனைவி. மடியில் நூல் பை. ஊர் எல்லையிலுள்ள வளைவில் விரைந்து வந்த சரக்கு வண்டி ஒன்று அவர்களை மோதித் தள்ளிவிடுகிறது. தவறு முழுவதும் அவ்வண்டியை ஓட்டியவனுடையது என்பதைக் கண்ணாரக் கண்டவர் பலர். நெசவாளரின் வலக்கை முறிந்தது. மனைவியின் கால் எலும்பு நொறுங்கிற்று. தறி பல மாதங்கள் நின்றது. வழக்கு நடந்தது, தீர்ப்பும் அவர்கள் பக்கமே வந்தது. இத்தனை லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று எழுதிய காகிதம் கைக்குக் கிடைத்தது. பணந்தான் கிடைக்கவில்லை. ஏனெனில் மோதிய வண்டிக்குக் காப்பீடு இல்லை. வண்டிக்கு உடையவன் பெயரில் ஒரு காணி நிலமும் இல்லை.

இது நாம் எடுத்துக்காட்டாகப் புனைந்த நிகழ்ச்சியே. ஆயினும் இத்தகைய நிலையில் எந்தக் குடும்பமும் என்றேனும் ஒரு நாள் சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதை மறுப்பார் இல்லை. தறியும் ஏரும் கையையும் காலையும் நம்பியவை. அவை முடங்கினால் அன்றைய கூலி அன்றே நின்றுவிடும். ஆதலின், பிறர் செய்யும் பிழைக்கு நம் குடும்பம் பலியாகாமல் காத்துக்கொள்வது எங்ஙனம் என்பதை அங்கத்தினர்கள் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

சட்டம் செய்திருக்கும் ஏற்பாடு

மோட்டார் வண்டியால் தீங்குற்றவருக்கு நஷ்டஈடு கிடைக்க வேண்டும், அது வண்டிக்காரரின் செல்வநிலையைப் பொறுத்ததாக இருத்தல் கூடாது என்னும் கருத்து நம் நாட்டிற்குப் புதிதன்று. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இதற்கென ஓர் அத்தியாயம் இடம்பெற்றது. அது 1946-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடப்புக்கு வந்தது. இப்பொழுது நம்மை ஆளும் 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 146-ஆம் பிரிவு, மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதும், பிறரை ஓட்ட விடுவதும் கூடாது என்று விதிக்கிறது.

இங்கு வண்டிக்கு உடையவர் முதல் தரப்பு. காப்பீட்டுக் கம்பெனி இரண்டாம் தரப்பு. அவ்வண்டியால் அடிபட்ட வெளியார் மூன்றாம் தரப்பு. வண்டி வைத்திருப்போர் பல கோடிப் பேர் ஆண்டுதோறும் சிறு தொகை கட்டுகின்றனர். அவ்வாறு திரண்ட நிதியிலிருந்து அடிபட்ட சிலருக்கு ஈடு வழங்கப்படுகிறது. பலர் சிறிது சிறிதாகச் சேர்த்து, இடருற்றவனைத் தாங்குவது என்பது கூட்டுறவாளராகிய நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய தத்துவம் அன்று.

இந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை உண்டு. கட்ட வேண்டியவர்கள் அனைவரும் கட்டுவதில்லை. நம் சாலைகளில் உள்ள வண்டிகளுள் பாதிக்கு மேற்பட்டவை காப்பீடு இல்லாதவை என்று நாடாளுமன்றத்தின் நிதித்துறை நிலைக்குழு 2024-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையில் குறிப்பிட்டது. அஃதாவது, எதிரே வரும் இரண்டு வண்டிகளில் ஒன்று வெறுங்கையோடு வருகிறது என்று எண்ணிக்கொள்வதில் தவறில்லை.

புது வண்டி வாங்கும்போதே 2018 செப்டம்பர் முதல் நாளிலிருந்து காருக்கு மூன்று ஆண்டும், இரு சக்கர வண்டிக்கு ஐந்து ஆண்டும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டைச் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. சாலைப் பாதுகாப்பு வேண்டிக் கோயம்புத்தூர் எலும்பு மருத்துவ வல்லுநர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ஆம் ஆண்டில் தொடுத்த பொதுநல வழக்கில் பிறந்த ஆணை அது. ஆயினும் ஐந்தாண்டு முடிந்தபின் புதுப்பிக்க மறந்துவிடுவோர் எண்ணிறந்தோர். "வாங்கும்போதே கட்டிவிட்டோமே" என்னும் நினைப்பே பலரை ஏமாற்றிவிடுகிறது.

தவறுபவருக்குச் சட்டம் விதிக்கும் தண்டனை, முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் 4,000 ரூபாய். அபராதம் அரசின் கருவூலத்திற்குப் போகும். அடிபட்டவர் வீட்டு அடுப்பை அது எரிக்காது.

கம்பெனி இல்லாத இடத்தில் யார் தருவார்?

மோதிய வண்டிக்குக் காப்பீடு இருந்து, ஓட்டியவனுக்கு உரிமம் இல்லை என்பது போன்ற குறைகள் இருந்தாலும், பெரும்பாலும் நீதிமன்றம் கம்பெனியை முதலில் பணம் தரச் செய்து, பின்னர் வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு கூறும். ஆனால் காப்பீடே இல்லையெனில் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. தவறு யாருடையது என்று மெய்ப்பிக்க வேண்டாத 164-ஆம் பிரிவின்படி மரணத்திற்கு 5 லட்சம், கொடுங்காயத்திற்கு இரண்டரை லட்சம் ரூபாய் கோரலாம். அதனையும் காப்பீடு இல்லாவிடில் வண்டிக்கு உடையவரே தர வேண்டும். அவரிடம் இல்லையேல் இல்லைதான்.

இதில் ஒரு விந்தையும் உண்டு. மோதிவிட்டு ஓடிப்போய், இன்ன வண்டி என்றே தெரியாமற்போனால், அதற்கென அரசு நிதி இருக்கிறது. வண்டியும் தெரிந்து, ஆளும் தெரிந்து, காப்பீடு மட்டும் இல்லையெனில் நஷ்டஈட்டுக்கு அத்தகைய நிதி இல்லை. பிரிட்டனில் 1946-ஆம் ஆண்டிலிருந்தே காப்பீட்டுக் கம்பெனிகள் அனைத்தும் கூடி அமைத்த ஒரு பொது அமைப்பு, காப்பீடில்லாத வண்டியால் அடிபட்டவருக்கும் ஈடு தந்து வருகிறது. நம் நாட்டில் அந்த இடைவெளியை நாமே நம் முன்யோசனையால் அடைத்துக்கொள்ள வேண்டியவராக இருக்கிறோம்.

சாலையில் காணும் அரசுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகள் இக்கணக்கில் சேரா. நிதி ஒதுக்கி வைக்கும் அரசுக் கழகங்களுக்குக் காப்பீட்டினின்று விலக்கு அளிக்கச் சட்டமே இடம் தருகிறது. ஈட்டைக் கழகமே தர வேண்டும். தாராது தாமதித்தால் நீதிமன்ற ஊழியர் பேருந்தையே ஜப்தி செய்வதை நாளேடுகளில் அடிக்கடி பார்க்கிறோம்.

முன்கூட்டிச் செய்ய வேண்டியவை

முதலாவது, நம் வண்டியின் காப்பீடு உயிரோடு இருக்க வேண்டும். 2022 ஜூன் முதல் நடப்புக்கு வந்த விகிதப்படி, 75 சி.சி.க்கு மேற்படாத இரு சக்கர வண்டிக்கு மூன்றாம் தரப்புப் பிரீமியம், வரி நீங்கலாக, ஆண்டுக்கு 538 ரூபாய்; 75-க்கு மேல் 150 சி.சி. வரை 714 ரூபாய். இது பிறரைக் காப்பது. இத்துடன் உடையவரும் ஓட்டுநருமாக இருப்பவருக்கு 15 லட்சம் ரூபாய்த் தனிநபர் விபத்துக் காப்பும் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. நமக்குத் தேவையானது இதுவே. எதிரே வந்தவனுக்குக் காப்பீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும், தவறு எவருடையதாயினும், வண்டியின் சொந்தக்காரர் தம் வண்டியை ஓட்டிச் செல்கையில் இறந்துபட்டால் அத்தொகை குடும்பத்தைச் சேரும். ஒரு கையோ காலோ கண்ணோ இழந்தால் பாதித் தொகை உண்டு. ஓட்டுநர் உரிமம் செல்லுபடியாக இருப்பது இதற்கு நிபந்தனை. முகவரிடம் பிரீமியம் குறைய வேண்டும் என்பதற்காக இந்தப் பகுதியை நீக்கச் சொல்லும் நண்பர்கள், தம் குடும்பத்தின் கூரையிலிருந்து ஓலையை உருவுகிறார்கள் என்றே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, பின்னிருக்கையில் அமர்பவரை நினைக்க வேண்டும். 15 லட்சம் என்பது ஓட்டும் உடையவருக்கே உரியது. மனைவிக்கோ மகனுக்கோ அது இல்லை. வெறும் மூன்றாம் தரப்புப் பாலிசி பின்னிருக்கையாளரைக் காவாது என்று 2006-ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. 'பாக்கேஜ்' பாலிசி என வழங்கும் முழுக் காப்பீடு அவரையும் காக்கும். இதில் மற்றுமொரு நன்மையும் உண்டு. இரு வண்டி ஓட்டுநரும் தவறு செய்திருந்தால், பின்னிருக்கையில் இருந்தவர் முழு ஈட்டையும் இருவருள் எவரிடமிருந்தேனும் பெறலாம் என்பது 2015-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றத் தீர்ப்பு. எதிர் வண்டிக்குக் காப்பீடு இல்லாவிடினும், நம் முழுக் காப்பீடு அவருக்கு முழுத் தொகையையும் தாங்கிக் கொடுக்கும் என்பது அதன் பயன். பின்னிருக்கையாளருக்கெனத் தனி விபத்துக் காப்பைச் சிறு தொகை கூடுதலாகக் கட்டியும் சேர்த்துக்கொள்ளலாம். நம் வண்டியின் பழுதுச் செலவைத் தருவதும் முழுக் காப்பீடே.

மூன்றாவது, வண்டியே இல்லாத அங்கத்தினருக்கு உரியது. சாலையோரம் நடப்பவருக்கும் சைக்கிளில் செல்பவருக்கும் வண்டிப் பாலிசி ஏது? அவர்கட்காகவே 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா உள்ளது. ஆண்டுக்கு 12 ரூபாயாக இருந்த இதன் பிரீமியம் 2022 ஜூன் முதல் 20 ரூபாயாயிற்று. 18 வயது முதல் 70 வயது வரை, வங்கியிலோ அஞ்சலகத்திலோ சேமிப்புக் கணக்கு உள்ள எவரும் சேரலாம். விபத்து மரணத்திற்கும், இரு கை, இரு கால், இரு கண் இழப்புக்கும் 2 லட்சம் ரூபாய். ஒரு கை, ஒரு கால் அல்லது ஒரு கண் இழப்புக்கு 1 லட்சம். ஜூன் முதல் மே வரை இதன் ஆண்டு. மே மாத இறுதியில் கணக்கில் 20 ரூபாய் இல்லாமற்போனால் காப்பும் இல்லாமற்போகும் என்பதை நினைவில் இருத்த வேண்டும். கணவர் சேர்ந்தால் மனைவிக்கும் சேர்ந்துவிட்டது என்று கருதுதல் பிழை. தலைக்கு ஒரு சந்தா தேவை.

இத்திட்டத்தின் எல்லையையும் சொல்லிவிடுகிறோம். எலும்பு முறிந்து மூன்று மாதம் தறி நின்றால் இதில் ஒரு காசும் வாராது. கூலி இழப்புக்கு வாரந்தோறும் ஒரு தொகை தரும் தனிநபர் விபத்துப் பாலிசிகளைப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகள் வைத்துள்ளன; எடுக்கும்போது "தற்காலிக முடக்கத்திற்கும் உண்டா?" என்று கேட்டு, உண்டெனில் எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். நிலமுடைய உழவரும் உழவுத் தொழிலாளரும் உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் உறுப்பினர் அட்டை பெற்றிருத்தல் அவசியம். விபத்து மரணத்திற்கு அதிலும் உதவித்தொகை உண்டு.

மூட்டையின் மேல் உட்காரும் வழக்கம்

விளைவிப்போரிடம் ஒன்றைத் தனியே கூற வேண்டியிருக்கிறது. மஞ்சளையும் நெல்லையும் காய்கறியையும் ஏற்றிச் செல்லும் சரக்கு வண்டியின் மூட்டைகள் மீதும், டிராக்டரின் டிரெய்லரிலும், ஆட்களை ஏற்றிச் செல்லும் வழக்கம் நம் பக்கத்தில் ஊறிப்போயிருக்கிறது. சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிச் செல்வோருக்குக் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பன்று என்று உச்சநீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் தெளிவாகத் தீர்த்திருக்கிறது. சரக்குக்கு உரியவரோ, அவரால் அனுப்பப்பட்ட பிரதிநிதியோ உடன் செல்லலாம். அவருக்குக் காப்பு உண்டு. சந்தைக்கு உடன் வரும் அயலாருக்கும் களையெடுக்கச் செல்லும் பெண்களுக்கும் இல்லை. அஃதாவது, காப்பீடு முறையாகக் கட்டிய வண்டியிலும் அவர்கள் காப்பீடில்லாதவர்களே. கவிழ்ந்தால் அவர்களுக்குரிய ஈடு முழுவதும் வண்டிக்கு உடையவர் தலையில் விழும். அந்த உடையவர் நம் அங்கத்தினராகவே இருக்கவும் கூடும். கூலி ஆட்களைப் பயணிகள் வண்டியில் அனுப்பும் செலவு, இதனோடு ஒப்பிட்டால் ஒரு செலவே அன்று.

மோதிய பின்

விபத்து நேர்ந்துவிட்டால் முதல் வேலை உயிரைக் காப்பது. 108-ஐ அழைக்க வேண்டும். தமிழகத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அட்டவணைப்படுத்திய மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. தொடக்கத்தில் இதன் உச்சவரம்பு 1 லட்சம் ரூபாய். மத்திய அரசு 2025 மே மாதத்தில் அறிவித்த திட்டத்தின்படி விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு. மோதிய வண்டிக்குக் காப்பீடு உண்டா இல்லையா என்ற கேள்வி இங்கு எழுவதில்லை. அடிபட்டவரைத் தூக்கிச் சென்ற நல்லவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்பதும் 2019-இல் திருத்திய சட்டத்தின் 134ஏ பிரிவில் உள்ளது. எனவே உதவ அஞ்ச வேண்டியதில்லை.

அடுத்தது சான்று சேர்ப்பது. வண்டியின் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்; கைப்பேசி இருப்பவர் வண்டி, இடம், சக்கரத் தடம் ஆகியவற்றைப் படம் எடுத்துக்கொள்ளலாம். கண்டவர் இருவரின் பெயரும் ஊரும் கேட்டு வைப்பது நன்று. மருத்துவமனையில் விபத்துப் பதிவேட்டில் எழுதும்போது, இன்ன வண்டி மோதியது என்று சரியாகச் சொல்ல வேண்டும். வலியின் மயக்கத்திலும், போலீசுக்குப் போக வேண்டுமே என்னும் தயக்கத்திலும் "கீழே விழுந்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு வரியே பின்னர் வழக்கைக் கவிழ்த்துவிடும். மத்திய அரசின் 'எம்பரிவாகன்' செயலியில் பதிவு எண்ணை இட்டால், அவ்வண்டியின் காப்பீடு எந்நாள் வரை உள்ளது என்பதை அங்கேயே காணலாம்.

காப்பீடில்லாத வண்டிக்காரர் பெரும்பாலும் சாலையோரத்திலேயே ஐயாயிரம், பத்தாயிரம் என்று நீட்டி, "வழக்கு வேண்டாம், பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்பார். உள்காயம் மறுநாள் தெரியும். எலும்பு முறிவு படத்தில் தெரியும். கையெழுத்திட்டுக் காசு வாங்கிய பின் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்த கதைதான். காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்து, அதன் நகலை வாங்க வேண்டும். அந்நகலைக் கட்டணமின்றித் தருவது அவர்கள் கடமை.

வண்டியை விட்டுவிடலாகாது

காப்பீடில்லாத வழக்கில் அடிபட்டவரின் கைக்கு எட்டும் சொத்து, பல வேளைகளில், மோதிய அந்த வண்டி ஒன்றே. இதனை உணர்ந்த உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பரில், உஷா தேவி என்பாரின் வழக்கில், விபத்துக்குள்ளான வண்டிக்குக் காப்பீடு இல்லையெனில், உடையவர் போதிய ஈட்டுறுதி கட்டினாலன்றி அதனை விடுவிக்கலாகாது என்னும் விதியை எல்லா மாநிலங்களும் ஏற்படுத்த வேண்டும் என்று பணித்தது. உறுதி கட்டாவிடில் மூன்று மாதம் கழித்து வண்டியை ஏலத்தில் விற்று, பணத்தை விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் செலுத்த வேண்டும். 2022-இல் வந்த மத்திய விதிகளிலும் இது இடம்பெற்றுள்ளது. ஆதலின், வண்டிக்குக் காப்பீடில்லை என்று அறிந்தவுடனே, அதனை ஈட்டுறுதியின்றி விடுவிக்கலாகாது என்று நீதிமன்றத்தில் எழுத்து மூலம் எதிர்ப்புத் தெரிவிக்க வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டும். வண்டி கைமாறிவிட்ட பின் வருந்திப் பயனில்லை.

இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை. நாம் குடியிருக்கும் ஊருக்குரிய தீர்ப்பாயத்திலும் போடலாம். ஆறு மாதத்திற்குள் போட வேண்டும் என்னும் திருத்தம் 2022 ஏப்ரல் முதல் நடப்புக்கு வந்தது. காலம் தாழ்ந்தோருக்கு இரங்கும் நீதிபதிகள் உண்டாயினும், அந்த இரக்கத்தை நம்பி இருத்தல் அறிவுடைமை அன்று. சங்கத்தில் கூலி வாங்கிய பாஸ் புத்தகம், பாவு கொடுத்த பேரேடு, விளைபொருள் விற்ற சீட்டு ஆகியவையே நம் வருமானத்திற்குச் சான்று. அவற்றை எறிந்துவிடலாகாது.

தீர்ப்பு வந்தும் உடையவர் பணம் தாராவிடில், 174-ஆம் பிரிவின்படி தீர்ப்பாயத்தில் ஒரு சான்றிதழ் கோரலாம். அது மாவட்ட ஆட்சியருக்குச் செல்லும். அவர் நிலவரிப் பாக்கியை வசூலிப்பது போலவே அத்தொகையை வசூலிப்பார். தீர்ப்பு நகலைப் பெட்டியில் பூட்டி வைத்துவிட்டுத் தலைவிதியை நொந்துகொள்ளும் பலர் இந்த வழியை அறியாதவர்களே. வழக்கறிஞர் செலவுக்கு வகையில்லாத பெண்கள், பட்டியல் இனத்தவர், உடலூனமுற்றோர், தொழிலாளர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக உதவும்.

மோதிய வண்டி இன்னது என்றே தெரியாமற்போனால், 2022 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள திட்டப்படி மரணத்திற்கு 2 லட்சம், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாய் உண்டு. இதற்கு நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. வருவாய்த்துறையின் விசாரணை அலுவலரிடம் விண்ணப்பித்தால் போதும். ஒரு மாதத்தில் வண்டியைக் கண்டுபிடிக்க இயலாவிடில், இத்திட்டத்தைப் பற்றி அடிபட்டவருக்குக் காவல் நிலையமே எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று 2024 ஜனவரியில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. அதுவும் நாம் மேலே சொன்ன கோவை மருத்துவரின் வழக்கில் வந்ததே.

நாமே அந்த வண்டிக்காரர் ஆகாதிருக்க

இதுகாறும் பிறர் பிழையினின்று நம்மைக் காப்பது பற்றிச் சொன்னோம். முடிக்குமுன் கண்ணாடியை நம் பக்கம் திருப்ப வேண்டும். பாதி வண்டிகள் காப்பீடில்லாதவை எனில், அவற்றுள் சில நம் திண்ணை ஓரத்திலும் நிற்கின்றன என்பதே உண்மை. நாம் மோதிய மனிதரும் ஒரு நெசவாளராகவோ உழவராகவோ இருப்பார். அவருக்குரிய ஈட்டிற்காக நம் வீடும் காணியும் ஏலத்திற்கு வரக்கூடும்.

மற்றொன்று, பழைய வண்டியை விற்றவர் கவனிக்க வேண்டியது. பணத்தை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட்டு, ஆர்.சி. புத்தகத்தில் பெயரை மாற்றாமல் விட்டுவிடுகிறோம். பதிவேட்டில் பெயருள்ளவரே உடையவர். ஈடு தர வேண்டியவரும் அவரே என்று 2018-இல் நவீன்குமார் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்த்தது. வாங்கியவர் காப்பீட்டைப் புதுப்பிக்காமல் எங்கோ ஒருவரை மோதினால், ஓலை நம் வீட்டு வாசலுக்கு வரும். விற்ற வண்டி என்றோ ஒழிந்தது என்று இருப்பவர்கள், பெயர் மாறிற்றா என்று இன்றே பார்க்க வேண்டும். வாங்கியவரும் 14 நாளுக்குள் காப்பீட்டைத் தம் பெயருக்கு மாற்றக் கம்பெனிக்கு எழுத வேண்டும்.

சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. அங்கத்தினர்களின் வண்டி எண், காப்பீடு முடியும் நாள், 20 ரூபாய்ச் சந்தா கட்டிய விவரம் ஆகியவற்றை ஒரே பேரேட்டில் எழுதி, கூலி பட்டுவாடா நாளில் காரியதரிசி வாசித்துக் காட்டினால் போதும். அதற்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் அரைமணி நேரமுமே. மே மாதக் கடைசி வாரத்திற்குள் ஒவ்வோர் அங்கத்தினர் கணக்கிலும் 20 ரூபாய் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் ஓர் இளைஞரைச் சங்கம் நியமிக்கலாம்.

நாம் தொடக்கத்தில் கண்ட நெசவாளரிடம் மீண்டும் வருவோம். அவரிடம் முழுக் காப்பீடும், முடக்கத்திற்கு ஈடு தரும் விபத்துப் பாலிசி ஒன்றும் இருந்திருந்தால், முறிந்த கை ஆறும் வரை வாரந்தோறும் ஒரு தொகை வீட்டுக்கு வந்திருக்கும். வண்டியை விடுவிக்காதபடி அன்றே எதிர்ப்புத் தெரிவித்திருந்தால், மனைவியின் காலுக்கான ஈட்டில் ஒரு பகுதியேனும் கைக்கு எட்டியிருக்கும். வளைவில் வரும் வண்டியை நிறுத்துவது நம் கையில் இல்லை. இந்த இரண்டும் நம் கையில் இருக்கின்றன. இதழை மூடிவைக்கும் முன், அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் பாலிசியை எடுத்து, முடியும் தேதியைப் பார்ப்பாராக.